பதில்: பூசணியில் ‘விதை உற்பத்தி’, ஒரு சொல் போதுமா?

அன்புடையீர்,

பூசணிக்காய்க்குள் விதை உண்டாவது முழுவதையும் குறிக்கத் தமிழில் ‘விதை உற்பத்தி’ என்ற ஒரே சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அதைக் கேட்டால் விதை விற்பவர்களின் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது.

பூசணியில் விதை குறைந்தால், எந்தக் கட்டத்தில் குறைந்தது என்று பார்க்க வேண்டும். பெண்பூ காலையில் சில மணி நேரம்தான் விரிந்திருக்கும். மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது, தேனீ வந்தால்தான் உண்டு. மழையாலோ மருந்தடிப்பாலோ தேனீ வரத்து குறைந்தால், பெண்பூவில் மகரந்தம் ஒட்டும் நுனியான சூல்முடிக்கு மகரந்தம் போதாது. பின்னால் காயாகும் சூற்பையில், விதையாக வேண்டிய சூல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தும் பல கருவுறாமலே நின்றுவிடும். காய் ஒருபக்கம் சூம்பிப்போவதற்கும் பல சமயம் இதுதான் காரணம். இந்தக் கட்டத்துக்கு ‘விதைப்பிடிப்பு’ என்று சொல்லலாம். காய்ப்பிடிப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ‘பிஞ்சு பிடிக்கவில்லை’ என்பது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. இன்னொருவர் சொன்ன ‘விதையமைவு’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வினையாக்கினால் நொண்டுகிறது. ‘விதை அமைவுற்றிருக்கிறது’ என்று வயலில் நின்று யார் சொல்வார்?

அப்புறம் நடப்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். கருவுற்ற விதையில் ஓடு முதலில் முழு அளவுக்கு வந்துவிடும். பருப்பு அதன் பிறகே மெல்ல நிரம்பும். அந்த வாரங்களில் சாம்பல் நோய் இலையைக் காயவைத்தாலோ, தண்ணீர் தட்டுப்பட்டாலோ, ஒரே கொடியில் காய்கள் அதிகமாகிவிட்டாலோ விதை பார்வைக்குப் பெரிதாக இருக்கும், விரலால் அழுத்தினால் தட்டையாக அமுங்கும். வெறும் பொக்கு. எண்ணிக்கை சரியாக வரும், எடை ஏமாற்றும். இதையும் விதைப்பிடிப்புக் குறைவு என்று எழுதினால் தேனீமேல் வீண்பழி.

இதற்கு ‘விதை நிரம்பல்’ என்பது என் பரிந்துரை. நெல்மணியில் மாவு பால்போலச் சேர்வதைச் சொல்லும் ‘பால்பிடித்தல்’ இங்கே ஒட்டாது. பூசணி விதையில் சேர்வது பெரும்பாலும் எண்ணெயும் புரதமும்.

தழைச்சத்து மிஞ்சினால் கொடி ஓடிக்கொண்டே போய்ப் பெண்பூ தாமதமாவதும், வெப்பமும் நீண்ட பகலும் ஆண்பூவைக் கூட்டுவதும் விதைக்கு முந்தைய சங்கதி. அங்கே ‘ஆண் பெண் பூ விகிதம்’ போதும், புதுச்சொல் வேண்டாம்.

‘விதை மகசூல்’ மொத்த எடைக்கு இருக்கட்டும். நிரம்பலை ‘நிறைவு’ என்று மாற்றச் சொல்வோர் இருப்பீர்கள். அது எல்லாம் முடிந்துவிட்டது போல ஒலிக்கிறது, அதனால் என் வாக்கு நிரம்பலுக்கே. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.