தற்காலிகப் பணியில் ஊசி குத்திவிட்டது: முதலில் எங்கே செல்வது, யாரிடம் முறையிடுவது?

கல்லடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் உள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் தற்காலிகப் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். என்னைச் சேர்த்துக்கொண்டதும் சம்பளம் தருவதும் ஆட்களை வழங்கும் ஒரு நிறுவனம். வேலை வாங்குவது வைத்தியசாலை.

நேற்றிரவுக் கடமையில், விடுதியில் நிரம்பிக் கிடந்த குப்பைப் பையை முடிச்சுப் போடுவதற்காக அழுத்தியபோது, உள்ளே கிடந்த ஊசி ஒன்று பையையும் கையுறையையும் துளைத்து இடது பெருவிரலில் ஏறிவிட்டது. எந்த நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி என்பது எவருக்கும் தெரியவில்லை. பொறுப்பில் இருந்தவர் கையைக் கழுவச் சொன்னார். இதை எங்காவது பதிய வேண்டாமா என்று கேட்டதற்கு, நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே, உங்கள் நிறுவனத்திடம் சொல்லுங்கள் என்றார். விடிந்ததும் நிறுவனத்துக்கு அழைத்தேன். சம்பவம் நடந்த இடம்தான் பொறுப்பு என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஈரல் அழற்சித் தடுப்பூசி எனக்கு இதுவரை போடப்படவில்லை. வீட்டில் பால்குடி மறவாத பிள்ளை இருக்கிறது. முறைப்பாடு செய்தால் அடுத்த மாதக் கடமைப் பட்டியலில் என் பெயர் இருக்காதோ என்ற பயமும் இருக்கிறது. நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து, ஓய்வுபெற்ற தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர்:

தங்கச்சி, யார் பொறுப்பு என்ற கேள்வியை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதை வாசித்ததும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, வேலைசெய்யும் இடத்தில் பாவித்த ஊசி குத்திவிட்டது என்று சொல்லுங்கள். நிரந்தர ஊழியரா, தற்காலிக ஊழியரா என்பது அங்கே தேவையற்ற கேள்வி. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணமும் கேட்க மாட்டார்கள். எச்.ஐ.வி.க்கு எதிரான தடுப்பு மருந்து தேவை என்று வைத்தியர் முடிவுசெய்தால், அதைச் சில மணி நேரங்களுக்குள் தொடங்குவதே சிறந்தது. 72 மணி நேரம் கடந்தால் தொடங்குவதில் பயனில்லை. தொடங்கினால் 28 நாட்கள் இடைவிடாமல் குடிக்க வேண்டும்.

பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதற்காகச் சில கணக்குகளைச் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குப் பாவித்தது என்று உறுதியாகத் தெரிந்த ஊசி குத்தினால்கூட, தொற்று ஏற்படுவது ஏறத்தாழ ஆயிரத்தில் மூவருக்குத்தான். எமது நாட்டில் அந்தத் தொற்று உள்ளவர்களின் தொகையும் மிகக் குறைவு. நான் கவலைப்படுவது ஈரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) பற்றித்தான். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்த வைரஸ் உள்ள இரத்தம் பட்ட ஊசியினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை என்று கணிக்கப்படுகிறது. காய்ந்த இரத்தத்திலும் ஒரு வாரம்வரை உயிர்ப்போடு இருக்கக்கூடிய வைரஸ் அது. ஆகவே குப்பைப் பையில் எப்போதோ போட்ட ஊசிதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. முதலாவது தடுப்பூசியை இயன்றால் 24 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அதனுடன், அந்த வைரஸுக்கு எதிரான ஆயத்த எதிர்ப்புப் பொருள் அடங்கிய இம்யூனோகுளோபியுலின் ஊசியும் தேவையா என்பதை வைத்தியர் சொல்வார். எமது நாட்டின் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் ஈரல் அழற்சி பி சேர்ந்தது 2003இல்தான். அதற்கு முன் பிறந்து இன்று விடுதிகளில் வேலை செய்யும் பெரும்பாலானோர், தொழிலுக்காகத் தனியாகப் போட்டிருந்தாலொழியப் பாதுகாப்பில்லாமலேயே இருக்கிறார்கள்.

இன்றே இரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். இன்றைய பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால், அதுவே குத்துப்பட்ட நேரத்தில் நீங்கள் நோயற்றிருந்தீர்கள் என்பதற்கு ஒரே சான்று. பிறகு ஆறாவது வாரத்திலும் மூன்றாவது, ஆறாவது மாதங்களிலும் பரிசோதிப்பது வழக்கம். தொடர் கவனிப்புக்காகப் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினால், பெயர்ப்பலகையைப் பார்த்துக் கூசி நிற்காதீர்கள். ஊசிக்குத்துக்கு ஆளான சுகாதாரப் பணியாளர்களைக் கவனிப்பதும் அங்குள்ளவர்களின் வேலைதான். விவரம் வெளியில் போகாது. இறுதிப் பரிசோதனை முடியும்வரை இரத்ததானம் வேண்டாம். கணவன் மனைவிக்கிடையே ஆணுறை பாவியுங்கள்.

இனி இந்த விபத்தைப் பற்றி. ஊசி குப்பைப் பைக்குள் எப்படி வந்தது? ஊசி போடுபவர் அதை அந்த இடத்திலேயே, மூடியைத் திரும்பப் போடாமல், குத்தினாலும் துளையாத கூரிய பொருட்களுக்கான பெட்டியில் இட வேண்டும். பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் மூடிவிட வேண்டும். பல இடங்களில் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டி, பிளாஸ்டர் ஒட்டி, அதைத்தான் பெட்டி என்று வைத்திருக்கிறார்கள். போத்தல் நிரம்பி வழியத் தொடங்கியதும் கனுலாவும் (நாளத்துக்குள் ஏற்றும் மெல்லிய குழாய்) ஊசியும் சேலைன் குழாயோடு சேர்ந்து சாதாரணப் பைக்குள் போய்விடுகின்றன. ஊசியைப் பாவித்தவர் கடமை முடிந்து போய்விடுவார். குத்துப்படுபவர் அவருக்குப் பின்னால் வந்து பையைக் கட்டும் சிற்றூழியரோ தற்காலிகப் பணியாளரோதான். இது பையை அழுத்தியவரின் கவனக்குறைவு என்று எவராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கல்முனையிலிருந்து, தொழிற்சட்ட விடயங்களில் உதவுபவர்:

சகோதரி, மேலே தாதி அவர்கள் சொன்னதைச் செய்து முடித்த பின்னர் இதை வாசியுங்கள்.

எழுத்தில் இல்லாத விபத்து நடக்காத விபத்தாகவே கருதப்படும். ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். திகதி, நேரம், விடுதி, பையின் நிலை, கையுறை அணிந்திருந்த விவரம், யாரிடம் முதலில் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பவற்றைக் கோபமின்றி, நடந்தது நடந்தபடி எழுதி, ஒரே கடிதத்தை வைத்தியசாலை நிர்வாகத்துக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் முகவரியிட்டுக் கொடுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டால் அதுவும் சான்றாகும்.

பொறுப்பைப் பொறுத்தவரை, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிரந்தர நியமனம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தினால் இயலாமையோ மரணமோ ஏற்படுமாயின், கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரிக்கை வைக்கலாம். இரண்டு தரப்பில் எது தொழில்தருநர் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொண்டு ஒன்றை விட்டுவிட வேண்டாம். இரண்டின் பெயரையும் எழுதுங்கள், ஆணையாளர் தீர்க்கட்டும். வெறும் குத்துக்கு நட்டஈடு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. நாளை நோய் வந்தால், அது இந்தக் குத்தினால் வந்தது என்று நிறுவ இன்றைய இரத்தப் பரிசோதனையும் இந்தக் கடிதமும் இல்லாமல் முடியாது.

உங்களிடம் நியமனக் கடிதம் இல்லாவிட்டால், ஊழியர் சேமலாப நிதிப் பதிவு உங்கள் வேலைக்குச் சான்றாகும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தற்காலிக ஊழியருக்கும் அது உரியது: சம்பளத்தில் உங்கள் பங்கு நூற்றுக்கு 8, தொழில்தருநர் பங்கு 12. இது தவிர, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் என்ற வேறொரு நிதியத்துக்கு அவர்கள் மேலும் 3 செலுத்த வேண்டும். சேமலாப நிதி கட்டப்படவில்லையென்றால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். வேதனையான விடயம், பணியிடப் பாதுகாப்புக்கான எமது முதன்மைச் சட்டமான 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நோயாளர் விடுதி அதன் வரையறைக்குள் எளிதில் அடங்காது. அதனால் நீங்கள் எழுதும் கடிதத்துக்கு இன்னும் கூடுதல் பெறுமதி இருக்கிறது.

அம்பாறையிலிருந்து, தற்காலிகப் பணியில் உள்ளவர்:

நானும் இதே போன்ற ஏற்பாட்டில்தான் வேலை செய்கிறேன். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் கடமை ஏற்பதற்கு முன்பே, ஊசிப் பெட்டி எங்கே இருக்கிறது, குத்துப்பட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், என் கைக்குப் பொருந்தும் அளவில் கையுறை இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். பெரிய அளவுக் கையுறை மட்டும் இருக்கும் இடங்களில் விரல் நுனியில் இறப்பர் மடிந்து நிற்கும். எதைத் தொடுகிறோம் என்பதே தெரியாது. தொடக்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அப்படிக் கேட்டதற்காக என்னை எவரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பையை அழுத்தாமல், உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, கழுத்தில் மட்டும் முடிச்சுப் போடுங்கள். நிரம்பி வழியும் பையைக் கட்ட முடியாது என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

கல்லடி வாசகி எழுதியது:

மிக்க நன்றி. போதனா வைத்தியசாலைக்குச் சென்று வந்துவிட்டேன். இரத்தம் எடுத்தார்கள்; முதலாவது தடுப்பூசியும் போட்டார்கள். எச்.ஐ.வி. மருந்து தேவையா என்பதை நாளை சிகிச்சை நிலையத்தில் தீர்மானிப்பதாகச் சொன்னார்கள். கடிதத்தை இரண்டு இடத்துக்கும் கொடுத்தேன். வைத்தியசாலையில் கையொப்பமிட்டார்கள், நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவசரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து, ஓய்வுபெற்ற தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர்:

ஈரல் அழற்சி பி தடுப்பூசி பால் கொடுக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பானது. அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. எச்.ஐ.வி. மருந்து தொடங்குவதானால் மட்டும், பால் கொடுப்பதைப் பற்றி அங்குள்ள வைத்தியரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். நாளை காலையிலேயே செல்லுங்கள், பின்னேரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். இரண்டாவது தடுப்பூசி ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிட்டதா என்று இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் வேலை செய்யும் இடம் மாறினாலும் தடுப்பூசி அட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும். நிறுவனத்திடம் பிரதியை மட்டும் கொடுங்கள்.