அம்மம்மாவின் குமிழிப் பையன் படத்தைக் காப்பாற்ற உதவி வேண்டும்

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். சவர்க்காரக் குமிழியை அண்ணாந்து பார்க்கும் சிறுவனின் பழைய அச்சுப்படம் அம்மம்மாவிடம் இருக்கிறது. 2009 இல் இடம்பெயர்ந்தபோதும் சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோனார்.

மூலப்படம் 1886 இல் மில்லே என்ற ஓவியர் தன் பேரனைப் பார்த்து வரைந்தது. பிறகு பியர்ஸ் சவர்க்கார விளம்பரமானது. மில்லேயின் மனைவி எஃபியின் முதல் திருமணம் செல்லாது என்று 1854 இல் தீர்ப்பானது. அதற்காகவே விக்டோரியா ராணி அவரைப் பல காலம் அரண்மனைக்குள் விடவில்லை. மில்லே சாகக் கிடந்தபோதுதான் ராணி எஃபியைப் பார்க்கச் சம்மதித்தார். பாவம், எவ்வளவு காலம்! அம்மம்மா இதைக் கேட்டு அழுதுவிட்டார்.

இப்போது ஈரம் பட்டு, தாள் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. இழுத்தால் கிழியும் என்று பயம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இதைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? இல்லையென்றால் கண்ணாடியோடு அப்படியே ஸ்கான் பண்ணலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.