அரசுப் பதிவேடுகளை ஆராயும்போது மக்களிடம் என்ன கேட்பது?

கேள்வி:
பள்ளி, மருத்துவமனைப் பதிவேடுகளைப் பெயர் நீக்கி இணைத்து ஆராயப்போகிறேன். பெற்றோர் சிலரை அழைத்துப் பேச ஆசை. "தரவுதான் ஏற்கெனவே இருக்கிறதே, அவர்களிடம் கேட்க என்ன மிச்சம்?" என்கிறார் மேற்பார்வையாளர். என்ன பதில் சொல்வது?

பதில் 1:
நிறைய மிச்சம் இருக்கிறது! ஆலோசனைக் குழு ஒன்றில் நான் பொதுமக்கள் தரப்பு உறுப்பினர். ஒருமுறை ஓர் ஆய்வாளர், பள்ளிப் பதிவேட்டு அட்டவணையில் 'வராத நாட்கள்' என்ற பத்தியைக் குடும்பத்தின் அக்கறையின்மை என்று விளக்கினார். என் பக்கத்தில் இருந்த தாய் மெதுவாகச் சொன்னார்: "என் மகள் டயாலிசிஸுக்குப் போன நாட்களும் அதில்தான் இருக்கின்றன." பென்சிலை எடுத்து அந்த வரியை அங்கேயே அடித்தார் ஆய்வாளர். எந்த அட்டவணையும் அதை அவருக்குச் சொல்லியிருக்காது.

பதில் 2:
இங்கிலாந்தின் 'கேர்.டேட்டா'வை மேற்பார்வையாளருக்கு நினைவூட்டுங்கள். குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளைத் திரட்டும் திட்டம். மக்களுக்கு ஒழுங்காக விளக்காததால் எதிர்ப்பு மூண்டு, 2016இல் கைவிடப்பட்டது. பெயர் நீக்கிய பதிவேடுகளை ஆய்வுக்குத் தரும் வேல்ஸின் 'செயில்' தரவு வங்கியிலோ, ஆய்வாளர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவிலேயே பொதுமக்கள் இருக்கிறார்கள்.

பதில் 1:
ஒன்று விட்டுவிட்டேன். கேள்வியை முடிவுசெய்யும் முன்பே அழையுங்கள். பயணச் செலவையும் நேரத்துக்கான தொகையையும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'வராத நாட்கள்' பத்தி என் தரவிலும் இருக்கிறது. நாளை அதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.