தெருவிளக்கடியில் மொட்டு வைக்காத செவ்வந்தியும் ஐயத்துக்குரிய மஞ்சள் கரிசாலையும்

புளியரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் குடியிருக்கிறேன். மலையடிவாரம் என்பதால் ஆனி முதல் ஆவணி வரை சாரல் ஓயாது. செடிக்கு நீர் ஊற்றுவதைவிடத் தேங்கும் நீரை வடியவைப்பதே எனக்குப் பெரிய வேலை. செவ்வந்தி, கேந்தி, ஜினியா என்று சூரியகாந்திக் குடும்பத்து அழகுச் செடிகளையும், அதே குடும்பத்து மூலிகைகள் சிலவற்றையும் மூன்று ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். இவ்வாண்டு இரண்டு சிக்கல்கள் வந்திருக்கின்றன.

முதலாவது, செவ்வந்தி. ஒரே தாய்ச்செடியின் வேர்க்கன்றுகளைப் பிரித்து, செம்மண்ணும் ஆற்றுமணலும் தொழு உரமும் கலந்த ஒரே கலவையில், ஆனிக் கடைசியில் பதினான்கு தொட்டிகளில் நட்டேன். கிணற்றடியில் வைத்த எட்டும் புரட்டாசியில் மொட்டு விட்டு இப்போது பூத்து நிற்கின்றன. வாசல் திண்ணையில் வைத்த ஆறும் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாகத் தழைத்திருக்கின்றனவே தவிர, கார்த்திகை பிறந்தும் ஒரு மொட்டைக்கூடக் காணோம்.

இரண்டாவது, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி ஒரு நாற்றங்காலில் கொடுத்த நாற்றுகள். வைத்த நான்கே மாதத்தில் வாய்க்காலைத் தாண்டிப் படர்ந்துவிட்டன. தலைக்கு எண்ணெய் காய்ச்சலாம் என்று பறிக்கப் போனபோது, கேரளத்தின் புனலூரில் பிறந்த என் மனைவி, "எங்கள் ஊரில் இது சாலையோரம் முழுக்கக் கிடக்கிறது, ஒருவரும் மருந்துக்குப் பறிப்பதில்லை" என்று தடுத்துவிட்டார். அவர் ஆடி மாதத்துக்கென்று தசபுஷ்பச் செடிகளையும், அதாவது கேரளத்தில் அம்மாதம் தலையில் சூடும் பத்துச் செடிகளையும், வைக்கச் சொல்கிறார். அவற்றில் எவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி எழுதியது:

திண்ணைச் செடிகளுக்குத் தழைச்சத்து மிஞ்சிவிட்டது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் தொழு உரம் கூடினால் கத்தரியும் இப்படித்தான் இலையாகவே நிற்கும். உரத்தை நிறுத்திவிட்டுச் சாம்பல் தூவிப் பாருங்கள். நடவுக்கு நான்கு வாரம் கழித்து நுனி கிள்ளினீர்களா?

புளியரைவாசி எழுதியது:

பதினான்கையும் ஒரே நாளில் கிள்ளினேன் ஐயா. உரமும் ஒரே அளவுதான். இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன்: திண்ணைத் தொட்டிகளில் ஒன்று தூணை ஒட்டி இருக்கிறது. அதில் தூணுக்குப் பின்புறம் மறைந்த கிளையில் மட்டும் நேற்று இரண்டு மொட்டுகளைக் கண்டேன்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை எழுதியது:

அந்தத் தூணே விடையைச் சொல்லிவிட்டது. உங்கள் திண்ணைக்கு எதிரே தெருவிளக்கு இருக்கிறதா?

செவ்வந்தி குறும்பகல் தாவரம். பெயர் பகலைச் சொன்னாலும், அது கணக்கிடுவது இடையறாத இருட்டின் நீளத்தைத்தான். இருட்டு போதிய அளவு நீண்டால் மொட்டு வைக்கும். நடுவே வெளிச்சம் பட்டால், இரவு முடிந்துவிட்டதாகக் கொண்டு இலையையும் தண்டையுமே வளர்த்துக்கொண்டிருக்கும். இந்த வெளிச்சத்தை உணர்வது இலை. மொட்டு வைப்பது நுனி. 1930களில் சோவியத் அறிவியலாளர் சைலாக்கியான் செவ்வந்திச் செடியின் மேற்பகுதி இலைகளை நீக்கி, கீழ் இலைகளுக்கு மட்டும் குறும்பகல் கொடுத்து, நுனியில் பூ வரவழைத்துக் காட்டினார். ஒரே செடியில் நிழலில் இருந்த கிளை மொட்டு விடுவதும், வெளிச்சத்தில் இருந்த கிளை சும்மா நிற்பதும் வியப்பில்லை.

ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருக்கும் உங்கள் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வேறுபாடு. செவ்வந்திக்குப் போதுமான இரவு நமக்கு ஆண்டு முழுதும் கிடைத்துவிடுவதால், செடி தண்டு நீளுமுன்பே பூக்க முனைகிறது. அதனால்தான் ஓசூர், நீலகிரிப் பகுதிகளின் பசுமைக்குடில்களில் முதல் சில வாரங்களுக்கு நள்ளிரவில் விளக்கெரித்து, செடியை வேண்டுமென்றே பூக்கவிடாமல் நிறுத்தி வளர்க்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்துச் செய்வதை உங்களுக்குத் தெருவிளக்கு இலவசமாகச் செய்கிறது, நிறுத்தத்தான் ஆளில்லை! தொட்டிகளை இருட்டான பக்கத்துக்கு மாற்றுங்கள். இரண்டை மட்டும் அங்கேயே விட்டுவைத்தால் நான் சொல்வது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இருட்டுக்குப் போனவை மூன்று வாரத்துக்குள் மொட்டுக் காட்ட வேண்டும். பூ விரிய எட்டு முதல் பத்து வாரம் ஆகும்.

அடுத்தது கரிசாலை, அதாவது கரிசலாங்கண்ணி. உங்கள் மனைவி சரியாகவே தடுத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். மேற்புறம் பளபளத்து, விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக மடல் பிரிந்து மூன்று மடலாகத் தெரிந்தால், அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து தரையை மூடும் அழகுச் செடியாக வந்த சிங்கப்பூர் டெய்சி. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்கள் என்று வெளியிடப்பட்ட பட்டியலில் இடம்பெற்ற செடி. உண்மையான மஞ்சள் கரிசாலையின், அதாவது நம் நூல்கள் பொற்றலைக் கையாந்தகரை என்று சொல்லும் செடியின் இலை ஈட்டி போல நீண்டிருக்கும், மடல் பிரியாது, தடவினால் சொரசொரக்கும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டும் கணுவில் வேர்விடும். ஆகவே பூவைப் பார்த்து வாங்காதீர்கள், இலையைப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளைப் பூக் கரிசாலையில் இந்தக் குழப்பம் குறைவு. தண்டைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்தால் சற்று நேரத்தில் சாறு கறுக்கும். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைப்பது அது. உங்கள் சாரலும் வடியாத நீரும் செவ்வந்தியின் வேரை அழுகச் செய்யும், ஆனால் கரிசாலைக்கு அந்த இடமே தகும். எண்ணெய்க்கு அதையே வையுங்கள்.

தசபுஷ்பத்தில் மூன்று இந்தக் குடும்பத்தவை: மலையாளத்தில் கய்யோன்னி எனப்படும் இந்த வெள்ளைக் கரிசாலை, பூவாங்குருந்தல், முயற்செவி. கடைசிச் செடியில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்காலாய்டுகள் உண்டு. தலையில் சூடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கஷாயமாகவோ கீரையாகவோ வழக்கமாக உட்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி எழுதியது:

தெருவிளக்கு என் எண்ணத்துக்கே வரவில்லை. சாம்பல் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். சிங்கப்பூர் டெய்சியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிடாதீர்கள். ஒரு கணு ஒதுங்கினாலும் கீழேயுள்ளவர் வயலில் வேர் பிடிக்கும். பாறையில் போட்டு வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே எரியுங்கள். அந்த இடத்தில் ஒரு பருவம் கேந்தி நட்டுப் பாருங்கள். அதன் வேரிலிருந்து வெளியாகும் பொருள் வேர்முடிச்சு நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். எங்கள் தக்காளி வயலில் அதற்காகவே நடுகிறோம்.

புளியரைவாசி எழுதியது (இருபத்து நான்கு நாள் கழித்து):

அம்மா, எதிர் கம்பத்தில் சித்திரையில்தான் புதிய வெள்ளை விளக்கு மாட்டினார்கள். போன ஆண்டு இதே திண்ணையில் செவ்வந்தி பூத்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான்கு தொட்டிகளைக் கொல்லைக்கு மாற்றினேன், இரண்டை விளக்கடியிலேயே விட்டேன். இன்று காலை பார்த்தபோது, கொல்லையிலுள்ள நான்கின் நுனியிலும் மிளகளவு மொட்டுகள், ஒரு கிளைக்கு ஐந்தாறு. திண்ணையில் நிற்கும் இரண்டும் இன்னும் நான்கு விரற்கடை வளர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த மஞ்சள் பூச்செடியின் இலை மூன்று மடலாகவே இருந்தது. முழுவதையும் தோண்டிப் பாறையில் பரப்பியிருக்கிறேன், ஆனால் இந்த மழையில் அது காய்வதாக இல்லை. நேற்று புரட்டிப் பார்த்தால் அடியில் இருந்த தண்டுகளின் கணுக்களில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்தால் அழுகுமா என்று யாரேனும் சொல்லுங்கள்.