பீர் சக்கை தீவனம்: புதுப்பிப்பு

பெங்களூரு இந்திராநகர், கோரமங்கலாவில் பீர் காய்ச்சும் பப்களில் மிஞ்சும் பார்லி சக்கையை ஆனேக்கல், சர்ஜாபுர பக்கத்து மாடுகளுக்குப் போடுவது பற்றி முன்பு எழுதியதில், "கிலோ 5 ரூபாய், மலிவு" என்று முடித்திருந்தேன். அந்தக் கணக்கு அரைகுறை. சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர் எடைக்குப் பார்த்தால் கிலோ 20, 25 ரூபாய் ஆகிறது. புண்ணாக்கு விலையோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

அளவு: கறவை மாட்டுக்கு ஈரச் சக்கை தினம் 2 கிலோவில் ஆரம்பித்து, பத்து நாளில் 8 முதல் 10 கிலோ. வைக்கோல், ராகித் தாள் போன்ற உலர் தீவனம் குறையக்கூடாது, குறைந்தால் சாணம் இளகும். சுண்ணாம்புச்சத்து குறைவு, அதனால் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை கட்டாயம்.

கெடுவதுதான் பெரிய தலைவலி. சூடாக மூட்டையில் கட்டினால் மறுநாளே புளிப்பு நாற்றம். வெயில் காலத்தில் இரண்டு நாள் தாண்டாது. சேமிக்க, 100 கிலோ சக்கைக்குப் பொடியாக நறுக்கிய ராகித் தாள் 15 கிலோ, மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) 2 கிலோ, உப்பு 1 கிலோ. கையில் இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் தாள் இன்னும் சேருங்கள். நீல டிரம்மில் அடுக்கடுக்காக மிதித்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம். பூஞ்சை படிந்ததை மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைப் போடாதீர்கள், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு பாலிலும் இறங்கும்.

இன்னொன்று: பீர் நொதிக்கும் தொட்டியின் அடியில் தங்கும் ஈஸ்ட் கசடைச் சக்கையோடு கலந்து தந்தால் வாங்கவே வேண்டாம், வயிறு உப்பும்.