சபின்யோ எரிமலை: ஏறுவதைவிட ஏணியில் இறங்குவதுதான் கஷ்டம்

விருங்கா மலைத்தொடரில் அணைந்துபோன எரிமலை இது. உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றின் எல்லையும் இதன் மூன்றாம் சிகரத்தில் சந்திக்கின்றன. உயரம் சுமார் 3,650 மீட்டர். உகாண்டாவில் கிசோரோ ஊர்ப் பக்கத்து ந்டெபெகோ பூங்கா வாயிலில் காலையிலேயே கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். காட்டெருமை, யானை நடமாட்டம் இருப்பதால் வழிகாட்டியோடு துப்பாக்கிக் காவலரும் கூட வருவார்.

மூங்கில் காடு தாண்டும்வரை வெறும் நடைதான். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் எறும்பும் செந்தட்டியும் அண்டாது. அதற்கு மேலே சேறு, பிறகு மரக்கட்டை ஏணிகள். முன்னே போகிறவர் பூட்ஸ் சேறு குறுக்குக்கட்டையில் ஒட்டும். பின்னால் வருபவர் அதில்தான் வழுக்குகிறார். ஒவ்வொரு ஏணிக்கு முன்பும் பூட்ஸைக் கல்லில் தேய்த்துவிட்டு ஏறுங்கள். கட்டையின் நடுவில் மிதிக்காமல், ஆணி அடித்திருக்கும் ஓரத்தில் மிதியுங்கள். இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்தே இருக்கட்டும். ஒருவர் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தவர் காலை வைக்கணும். நடைக்கோலைப் பையில் கட்டிவிடுங்கள், ஏணியில் இரண்டு கையும் வேணும். சிராய் குத்தாமலிருக்கத் தோட்ட வேலைக் கையுறையே போதும்.

*

ஏணி பற்றி இவ்வளவு போதும். நேரத்தைப் பற்றியும் சொல்லியாகணும். ருவாண்டா நேரம் உகாண்டாவைவிட ஒரு மணி பின்னால். முகட்டில் ருவாண்டா டவர் கிடைத்தால் செல்போன் நேரம் தானாக மாறிக்கொள்ளும். மணி ஒன்று ஆகியிருக்கும், பன்னிரண்டு என்று காட்டும். அதை நம்பி மூன்றாம் சிகரத்துக்குப் போனால் ஏணிகளில் இருட்டில் இறங்க வேண்டிவரும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் உகாண்டா நேரம் ஏழு மணி தாண்டியதும் சட்டென்று இருட்டிவிடும். கிளம்பும் முன்பே தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், அல்லது கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

*

மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழை. ஜூன், ஜூலை நல்லது. ஆனாலும் மழைக்கோட்டு கட்டாயம். தண்ணீர் மூன்று லிட்டர் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சுமை தூக்க வாயிலிலேயே ஆள் கிடைக்கும்.

முதல் சிகரத்திலேயே முட்டி நடுங்கினால் அங்கேயே திரும்பிவிடுவது மேல். மேலே போகப்போக ஏணி இன்னும் செங்குத்து. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செனீசியோ மரங்களையும் லொபீலியா செடிகளையும் அந்த உயரத்திலேயே நிதானமாகப் பார்க்கலாம்.