ஃபோலிக் அமிலம்: லேபிள் கணக்கை எளிதாக விளக்க உதவுங்கள்

வணக்கம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் (ஃபோலேட் எனும் பி9 வைட்டமினின் மாத்திரை வடிவம்) பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. இரண்டு இடங்களில் இடிக்கிறது.

சில மாத்திரை டப்பாக்களில் பெரிய எழுத்தில் 680 மைக்ரோகிராம் ஃபோலேட், அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இரண்டும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றன. உணவில் இயல்பாக உள்ள ஃபோலேட்டைவிட ஃபோலிக் அமிலம் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் 1.7 ஆல் பெருக்கிப் போடுகிறார்கள். இது தெரியாமல் 400 ஃபோலேட் என்று அச்சிட்டதை வாங்கினால் கிடைப்பது சுமார் 235 ஃபோலிக் அமிலம். பெருக்கல் கணக்கே வராமல் இதை எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்தது 5 மில்லிகிராம் மாத்திரை. வழக்கமாகப் பரிந்துரைக்கும் 400 மைக்ரோகிராமைப் போல 12.5 மடங்கு. முந்தைய கருவில் நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளை, தண்டுவடமாக வளரும் குழாய் சரியாக மூடாத பிறவிக் குறை) இருந்தவர்கள் போன்றோருக்கு மருத்துவர் எழுதித் தருவது. "கூடினால் என்ன, சத்துதானே" என்று தானாக விழுங்கினால், பி12 குறைபாட்டில் ரத்தசோகை மட்டும் சரியாகி நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரலாம். பயமுறுத்தாமல் இதை எழுத ஒரு வரி வேண்டும்.

கரு உருவாகி சுமார் 28 நாளில் நரம்புக்குழாய் மூடிவிடும், அதனால் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும் என்பதை ஏற்கெனவே சேர்த்தாயிற்று.

மருந்தாளுநர்களே, உணவியல் வல்லுநர்களே, நீங்கள் நேரில் விளக்கும்போது சொல்லும் வாசகத்தை அப்படியே கீழே போடுங்கள்.